இரண்டு கணினிகளுக்கு நடுவில் குடும்ப மரம் காணாமல் போனால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வீட்டில் ஒரு டெஸ்க்டாப், வெளியூர் போனால் ஒரு லேப்டாப். இரண்டிலும் ஒரே குடும்ப மர மென்பொருள். மரத்தின் கோப்பை கிளவுட் ஃபோல்டர் ஒன்றில் (டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், ஒன்ட்ரைவ் மாதிரி இணையத்தில் சேமிக்கும் சேவையில்) போட்டு, இரண்டு பக்கமிருந்தும் திறந்து வேலை செய்து வந்திருக்கிறீர்கள். அப்பாவின் மூத்த அக்காவிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்த பெயர்கள், ஊர்கள், யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் ஏற்றினீர்கள். பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒரு கல்யாணத் தேதியை மட்டும் திருத்தினீர்கள். மறுநாள் பார்த்தால் இரண்டு கணினியிலும் பழைய மரம். அத்தை சொன்னது எதுவும் இல்லை. படங்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம். பதறிப்போய் ஜெட்காம் கோப்பாக (மர மென்பொருள்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பொது வடிவம்) எடுத்துப் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி.

இவை மூன்றும் தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றாகச் சேர்ந்து வந்ததால் எல்லாமே அழிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. படங்களும் எழுத்துகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், வழி மட்டும் அறுந்திருக்கும். அவசரமானது முதல் சிக்கல்தான், ஏனென்றால் அதற்குக் கெடு இருக்கிறது.

மேலே படிப்பதற்கு முன் இரண்டு கணினியிலும் சிங்க் செயலியை, அதாவது ஃபோல்டரைக் கிளவுடோடு ஒத்துப்போக வைக்கும் செயலியை, நிறுத்திவையுங்கள். நிறுத்தினால் போதும், கணக்கிலிருந்து வெளியேறவோ செயலியை நீக்கவோ வேண்டாம். மேலே ஏறாத பிரதிகள் சில நேரம் அந்தச் செயலியின் உள் ஃபோல்டரில் தங்கியிருக்கும். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலியில், 84-ஆம் பதிப்பில், இப்படித்தான் பலருக்குப் பல மாதக் கோப்புகள் கண்ணில் படாமல் போயின. அப்போது கூகுள் முதலில் சொன்னதே கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவு ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்பதுதான். அப்புறம் மீட்புக் கருவியோடு அடுத்த பதிப்பை வெளியிட்டது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவியவர்களின் நிலைமை அதற்குள் கடினமாகியிருந்தது.

மரத்தையும் திறந்து பார்க்காதீர்கள். சும்மா திறந்து மூடினாலே சில மென்பொருள்கள் கோப்பில் ஏதாவது எழுதும். எழுதியதும் அது இன்னொரு புதிய பதிப்பாகிவிடும்.

அடுத்தது, பலருக்குத் தோன்றாத ஒன்று. இதே கணக்கு போட்ட மூன்றாவது கணினி வீட்டில் இருக்கிறதா? பிள்ளைகளின் பழைய லேப்டாப், ஆபீஸில் வைத்திருந்தது, எதுவானாலும் சரி. நீங்கள் ஏற்றிய பிறகு ஒருமுறை திறந்து, அதன்பின் மூடியே கிடந்தால் அதற்குள் நல்ல பிரதி இருக்கலாம். ஆனால் இணையத்தோடு அதைத் திறந்த சில நொடிகளில் சிங்க் ஓடி அங்கும் பழையதைக் கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் முதலில் வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு, அப்புறம் அந்தக் கணினியைத் திறந்து, ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவுக்கு எடுங்கள். இந்த ஒரு காரியத்தால் முழு மரமும் திரும்பக் கிடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் உங்கள் இரண்டு கணினியிலும் உள்ள மர ஃபோல்டரையும் அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுங்கள். மறைந்திருக்கும் கோப்புகளும் சேர்ந்து வர வேண்டும். தேடுதல் வேலை எல்லாம் அந்த நகலில்தான், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

இனி எங்கே தேடுவது? முதலில் அதே ஃபோல்டரில். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் மாறியிருந்தால் கிளவுட் சேவைகள் பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வேறு பெயரில் பக்கத்திலேயே வைக்கும். டிராப்பாக்ஸ் 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று தேதியோடு பெயரில் சேர்க்கும். ஒன்ட்ரைவ் கணினியின் பெயரை ஒட்டும். மர மென்பொருளுக்கு அந்தப் புதுப் பெயர் தெரியாது, அது எப்போதும் பழைய பெயரையே திறக்கும். ஆகவே அத்தை சொன்னது முழுக்க அடுத்த வரியிலேயே வேறு பெயரில் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அங்கே இல்லையென்றால் உலாவியில் கிளவுட் கணக்குக்குள் போய், கோப்பின் முந்தைய பதிப்புகளைப் பாருங்கள். நான் சொன்ன கெடு இங்கேதான். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 30 நாள். கூகுள் டிரைவில் இதுபோன்ற கோப்புகளுக்கு 30 நாள் அல்லது 100 பதிப்புகள். தனிநபர் ஒன்ட்ரைவ் கணக்கில் கடைசி 25 பதிப்புகள். இந்த 25 தாராளமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு சின்னத் திருத்தத்தையும் உடனே சேமிக்கும் மென்பொருளாக இருந்தால் ஒரு மாலை வேலையிலேயே தீர்ந்துபோகும். இதனால்தான் திறந்து பார்க்க வேண்டாம் என்றேன். ஐகிளவுடில் 30 நாள் அவகாசம் என்பது அழித்த கோப்புக்குத்தான். மேலெழுதிப்போன கோப்புக்கு அதை நம்ப முடியாது. மேக்கில் அதன் சொந்த பேக்கப் வசதியான டைம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

மென்பொருளே எடுத்துவைத்த பேக்கப்பும் இருக்கலாம். கிராம்ப்ஸ் என்ற மர மென்பொருளில் மூடும்போது தானாகப் பேக்கப் எடுக்கும் அமைப்பு உண்டு. ரூட்ஸ்மேஜிக் என்ற இன்னொன்று மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்கும்; நாம் நினைவில்லாமல் சரி என்று அழுத்தியிருப்போம். கூடவே உங்கள் மின்னஞ்சலில் அனுப்பியவற்றையும், குடும்ப வாட்ஸாப் குழுவையும் தேடுங்கள். சித்தப்பா மகனுக்கு "இதைப் பார், சரியா இருக்கா" என்று அனுப்பிய ஜெட்காமோ பிடிஎஃப்போ இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்ற தளத்தில் மரத்தை ஏற்றியிருந்தால் அங்கிருந்து ஜெட்காம் இறக்கலாம், ஆனால் அதோடு படங்கள் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, ஏன் இப்படி ஆனது? இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த வருடமும் இதே நடக்கும். உங்களுக்கு மரம் என்பது நூற்றுக்கணக்கான ஆட்கள். கிளவுட் செயலிக்கு அது ஒரே ஒரு கோப்பு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. டெஸ்க்டாப்பில் எத்தனை பேரைச் சேர்த்தாலும், லேப்டாப்பில் ஒரே ஒரு தேதியைத் திருத்தினாலும், அதன் கணக்கில் இரண்டும் சமம்: கோப்பு மாறியிருக்கிறது, முழுசாக மாற்றி வை. இரண்டு கணினியின் திருத்தத்தையும் கலந்து ஒன்றாக்கும் அறிவு அதற்குக் கிடையாது. டெஸ்க்டாப்பில் வேலை முடிந்ததும் மேலே ஏறி முடிப்பதற்குள் கணினியை அணைத்திருப்பீர்கள், அல்லது கரன்ட் போயிருக்கும். லேப்டாப்பில் புதியது இறங்குவதற்குள் பழையதைத் திறந்து தேதியைத் திருத்தியிருப்பீர்கள். கடைசியாக எழுதியவர் ஜெயித்தார்.

சில சிங்க் கருவிகள் கோப்பின் நேரத்தை வைத்து எது புதியது என்று முடிவெடுக்கும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு கரன்ட் கட்டுக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னால் போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அன்று செய்த வேலை அந்தக் கருவியின் கண்ணுக்குப் பழையதாகவே தெரியும். அந்தப் பேட்டரி ரொம்ப மலிவு, உடனே மாற்றிவிடுங்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். கிராம்ப்ஸின் புதிய பதிப்புகள், ரூட்ஸ்மேஜிக் இரண்டும் தரவை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவத்தில்தான் வைக்கின்றன. அது எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு துணைக் கோப்பை உருவாக்கும். எழுதி முடியாத மாற்றங்களும், பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான விவரமும் அந்தத் துணைக் கோப்பைச் சார்ந்தவை. நீங்கள் மரத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் கிளவுட் செயலி முக்கியக் கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், மறுபக்கம் இறங்குவது பாதி எழுதிய தரவுத்தளம். எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில், தரவுத்தளம் சிதைவதற்கான காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார்கள். மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். கோப்பு திறக்கவே மறுத்தால் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து எஸ்க்யூலைட்டின் 'ரெகவர்' கட்டளையை நகலில் ஓட்டச் சொல்லுங்கள். சிதைந்ததிலிருந்தும் நிறைய ஆட்களை அது மீட்டுத் தரும்.

நல்ல பிரதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்களிடம் இரண்டு மரம்: அத்தை சொன்னது உள்ள ஒன்று, திருத்திய தேதி உள்ள ஒன்று. இரண்டையும் இறக்குமதி செய்து சேர்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லா ஆட்களும் இரண்டிரண்டாக வந்து நிற்பார்கள். அப்புறம் இரட்டையர்களைத் தானாகச் சேர்க்கும் கருவியை ஓட்டுவீர்கள். நம் வீடுகளில் அதைப்போல ஆபத்து வேறில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஐந்து பிள்ளைகளும் தங்கள் மூத்த மகனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பழைய தலைமுறைக்குப் பிறந்த வருடமும் தெரியாது. மேற்கத்தியக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதிய அந்தக் கருவிக்கு இரண்டு சுப்பையாக்களும் ஒரே ஆள்தான். அத்தை மகளை, மாமன் மகளை, அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் ஒரே பெண் இரண்டு வழியில் மரத்துக்குள் வருவார். அங்கே தவறாகச் சேர்த்துவிட்டால் தலைமுறையே இடம் மாறிவிடும். கோப்பு தொலைந்தால் தொலைந்தது தெரியும். இப்படிச் சேர்ந்துபோனது பல வருடம் யார் கண்ணிலும் படாது, அதற்குள் சொல்லித் திருத்தக்கூடியவர்கள் இருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அதிகத் தகவல் உள்ள பிரதியை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில், கடைசியாகத் திருத்திய தேதியின்படி ஆட்களை வரிசைப்படுத்துங்கள். ஏறக்குறைய எல்லா மர மென்பொருளிலும் அந்தப் பட்டியல் உண்டு. அத்தை சொன்னதை ஏற்றிய பிறகு தொட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்களைக் கையாலேயே மூலத்தில் திருத்திவிடுங்கள்.

படங்களுக்கு வருவோம். மர மென்பொருள் படத்தைத் தனக்குள் வைத்திருப்பது குறைவு. படம் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் என்ற பாதையை மட்டும் குறித்துவைக்கும். லேப்டாப்பில் உங்கள் பயனர் பெயர் வேறாக இருந்தாலே அந்தப் பாதை பொய்த்துவிடும். விண்டோஸில் ஒன்ட்ரைவ் பேக்கப்பை இயக்கினால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்ட்ரைவுக்குள் இடம் மாறும், அப்போதும் இதேதான். எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, மென்பொருளின் அமைப்பில் அந்த ஃபோல்டரை அடிப்படையாகக் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோப்பு பெயரளவில் இருந்து உள்ளடக்கம் கிளவுடில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்ட்ரைவில் மேகக் குறி இருந்தால் படம் உங்கள் டிஸ்க்கில் இல்லை. இணையம் இல்லாத நேரத்தில் அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எடுத்து, பேக்கப் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைத்தது. கண்ணுக்கு இரண்டும் 'கோபால்' தான், விண்டோஸுக்கோ வெவ்வேறு பெயர். மேக்கிலிருந்து மாறியவர்களுக்குச் சில படங்கள் மட்டும் காணாமல் போவது இதனால்தான். அந்தப் பெயர்களில் பார்த்தால் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ இருக்கும். நீளமும் ஒரு பிரச்சினை. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'முத்துலட்சுமி' என்ற ஒரு பெயரே 39 பைட். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. 'பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது' என்று தொடங்கி நீட்டிக்கொண்டே போனால் விண்டோஸ் ஏற்கும், மறுபக்கம் இறங்காது. கோப்புக்கு எண்ணும் வருடமும் போதும். யார் யார் நிற்கிறார்கள் என்பதை மரத்துக்குள் எழுதுங்கள்.

கேள்விக்குறி விஷயம் எளிது. ஜெட்காம் என்பது மார்மன் சபையினர் 1984-இல் உருவாக்கிய பரிமாற்ற வடிவம். அதன் பழைய பதிப்புகள் ஆன்செல் என்ற லத்தீன் எழுத்து முறையையே நம்பியிருந்தன, அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஏற்றுமதி செய்யும்போது ஆன்செல் அல்லது ஆன்சி (இதுவும் பழைய எழுத்து முறைதான்) என்று தேர்வாகியிருந்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகும். மரத்தில் எதுவும் கெடவில்லை. யூடிஎஃப்-8 என்று மாற்றி மறுபடி எடுங்கள். 2021-இல் வந்த 7.0 பதிப்பில் யூடிஎஃப்-8 தவிர வேறு முறைக்கே இடமில்லை, உங்கள் மென்பொருள் அதை ஆதரித்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இந்தக் கேள்விக்குறிக் கோப்பைத் திரும்ப இறக்குமதி மட்டும் செய்துவிடாதீர்கள், அதிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் 'mk;kh' போன்ற குப்பை எழுத்துகள் தெரிந்தால் அது வேறு கதை: யாரோ பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக ஓட்டினால் முழுசாகத் திரும்பிவரும்.

இனி எப்படி வைத்துக்கொள்வது? மரத்தின் மூலக் கோப்பு ஒரு கணினியில், சிங்க் ஆகாத ஃபோல்டரில் இருக்கட்டும். திருத்தம் அங்கே மட்டும். லேப்டாப்பிலும் ஃபோனிலும் பார்க்க மட்டும் ஒரு பிரதி. அத்தையிடம் உட்காரும்போது லேப்டாப்பில் மரத்தைத் திறக்காமல் நோட்டில் எழுதுங்கள், வீட்டுக்கு வந்து ஏற்றலாம். வேலை முடிந்ததும் மென்பொருளை மூடி, பேக்கப் எடுத்து, பெயரில் தேதி போட்டு, அந்தப் பேக்கப்பை மட்டும் கிளவுடில் போடுங்கள். தேதி மாறுவதால் ஒன்று இன்னொன்றை மேலெழுதாது. மாதம் ஒருமுறை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். கிளவுட் எதை அழித்தாலும், கழற்றி வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது.

சென்னையில் நீங்களும் டொரண்டோவில் தம்பியும் சேர்ந்து திருத்த வேண்டும் என்றால் கோப்பைப் பகிர்வது தீர்வே இல்லை. சர்வரில் ஓடும் மரம் வேண்டும். வெப்ட்ரீஸ், கிராம்ப்ஸ் வெப் இரண்டும் இலவசம். இருவரும் ஒரே தரவுத்தளத்தில் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் திருத்தலாம். ஆன்செஸ்ட்ரியில் மரம் வைத்திருப்பவர்களுக்கு 2017-இல் வந்த ரூட்ஸ்மேஜிக்கின் ட்ரீஷேர் என்ற வசதி எனக்குப் பிடித்தது. தானாக எதையும் மாற்றாது. இரண்டு பக்கத்தையும் அருகருகே காட்டி, எதை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். மெதுவான வேலைதான், ஆனால் எது மாறினாலும் உங்கள் கண் பார்த்துத்தான் மாறும்.

அத்தையின் குரலைப் பதிவு செய்திருந்தால் மரத்தைவிட அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். மரம் அதிலிருந்து எழுதியதுதானே. வாட்ஸாப் குரல் பதிவுகளை ஃபோனிலேயே விட்டுவைக்காமல் கோப்பாக எடுத்து, பெயரும் தேதியும் இட்டு டிஸ்க்கில் சேருங்கள். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தால் அந்தக் கணக்கு உள்ள எல்லாக் கருவியிலும் போய்விடும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். உங்கள் பழைய ஃபோனைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் இடம் போதவில்லை என்று அழிப்பதில்தான் பல வீட்டுக் கல்யாணப் படங்கள் போகின்றன. பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் எடுத்துவிடலாம்.

எதுவுமே கிடைக்காமல் போனால்கூட, அத்தை சொன்னதில் பெரும்பகுதி வேறு எங்கோ எழுதியிருக்கும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பங்காளிகள் அனைவரும் அப்பா பெயரோடு, பல நேரம் தாத்தா பெயரோடு வரிசையாக நிற்பார்கள். வாரிசுச் சான்றிதழில் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டுத் தாத்தா பாட்டி, தாய்மாமன் வரை அச்சாகியிருக்கும். பரணில் இருக்கும் பழைய பத்திரிகைக் கட்டை யாரும் கடையில் போட விடாதீர்கள். ஊர்ப்பெயரும் கொடுத்து எடுத்த உறவும் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். இவற்றிலிருந்து சேர்த்ததை அச்செடுத்து அத்தையிடம் கொண்டுபோனால், விட்டுப்போன இடத்தை அவரே நிரப்புவார்.

கடைசியாகக் கணக்கு விஷயம். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கூகுள் கணக்கை, உள்ளே இருப்பதோடு சேர்த்து நீக்கலாம் என்பது 2023-இல் வந்த விதி. உங்களுக்குப் பிறகு உள்ளே இருப்பதை எடுக்க, கூகுளில் செயல்படாத கணக்குக்கான அமைப்பில் உங்கள் மகளையோ தம்பியையோ சேர்க்கலாம். ஆப்பிளில் இதற்கே மரபுத் தொடர்பு (லெகசி கான்டாக்ட்) என்று ஐஓஎஸ் 15.2 முதல் இருக்கிறது. பேக்கப் ஃபோல்டரின் இடத்தையும் டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். மீட்பு வேலையில் எங்காவது நின்றுபோனால் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கிளவுட் சேவை என்று எழுதுங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன்.